அச்சத்திற்கு ஓர் அநுமதிப்பத்திரம்

1956ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொன்ற்கொமரி நகரில், மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் மதகுருவின் வீட்டு விறாந்தையிலே குண்டொன்று வெடித்தது. நகரத்துப் பஸ் வண்டிகளில் நிலவிய நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் தொடங்கிய பகிஷ்கரிப்பு அப்பொழுது எட்டு வாரங்களைக் கடந்திருந்தது. கிங் கூட்டமொன்றிற்குச் சென்றிருந்தார். அவருடைய மனைவியும் பிறந்து மூன்று மாதம் நிறையாத குழந்தையும் வீட்டினுள் இருந்தனர். எவரும் காயமடையவில்லை. இதன் பின்னர் கிங், கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கு அநுமதி கோரி ஷெரிஃப் அலுவலகத்தில் விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அகிம்சையின் வரலாற்றிலே இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே கூறப்படுவதுண்டு. ஆயின் ஒழுக்கவியல் நோக்கில் இது அடிக்குறிப்பன்று. உடையினுள் மறைத்தோ வாகனத்தில் வைத்தோ கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல விரும்புபவன், தன் உடலுக்கோ உடைமைக்கோ ஊறு நேருமென அஞ்சுவதற்குத் தக்க காரணமோ வேறு தகுந்த காரணமோ உடையவனாகவும், அநுமதி பெறுவதற்குத் தகுதியானவனாகவும் தோன்றினால், ஷெரிஃப் அவனுக்கு அநுமதி வழங்கலாம் என்பதே 1936 முதல் அங்கிருந்த சட்டத்தின் சாரம். ‘வழங்கலாம்’ என்பதே சொல், ‘வழங்கவேண்டும்’ என்பதன்று. அஞ்சுவதற்குத் தக்க காரணம் வேண்டுமெனின், குண்டு வெடித்த விறாந்தையினும் சிறந்த சான்று எது? ஆகவே அவ்வலுவலகத்தில் அளக்கப்பட்டது அச்சமன்று. அஞ்சியவன் யார் என்பதே.

இவ்வாறு அளக்கும் வழக்கம் புதிதன்று. அடிமை முறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலைபெற்ற கறுப்பினத்தவர் உள்ளூர் அதிகார சபையின் அநுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தலாகாது எனச் சட்டமியற்றியது. நிறத்தைச் சட்டத்தில் எழுதுதல் பின்னர் இயலாமற் போகவே, எழுதாமலே அதனைச் செய்யும் வழி கண்டறியப்பட்டது. புளோரிடாவின் 1893ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான சொற்களில் அமைந்தது. ஆயினும் 1941இல் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் புஃபோர்ட், அச்சட்டம் கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணிகளாக்கவே இயற்றப்பட்டதென்றும், வெள்ளையர்மீது செலுத்தும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லையென்றும் தம் தீர்ப்பிலே வெளிப்படையாக எழுதினார். அவர் இதனைக் கண்டனமாக அன்றி, நடைமுறை விளக்கமாகவே கூறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

தென் மாநிலங்களுக்கு மட்டும் உரிய குறையென இதனை ஒதுக்குதல் இயலாது. நியூயோர்க் மாநிலத்தில் 1911இல் இயற்றப்பட்ட சல்லிவன் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடுகள், மறைத்துக் கொண்டுசெல்லும் அநுமதிக்கு உரிய காரணம் காட்டப்படல்வேண்டும் என்றன. பொதுமக்கள் அனைவருக்கும் உள்ள தேவையிலிருந்து வேறுபட்ட தனித்தேவை ஒன்று நிறுவப்பட வேண்டுமென நீதிமன்றங்கள் இதற்குப் பொருள் கூறின. இதன் விளைவு விந்தையானது. கொள்ளையும் கொலையும் மலிந்த ஒரு பகுதியில் வாழும் ஏழையின் அச்சம், அவன் அயலவர் யாவருக்கும் உள்ள அச்சம். ஆதலின் அது கணக்கிற் கொள்ளப்படாது. பலருக்கும் பொதுவாயிருத்தலே ஓர் அச்சத்தின் குற்றமாயிற்று! 2022 ஜூனில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, இந்நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. துப்பாக்கி ஆர்வலர் சங்கத்தோடு ஒரு நாளும் ஒரே மேடையில் நிற்காத, நியூயோர்க்கின் வறியோருக்காக வழக்காடும் சட்டத்தரணிகள் சிலரும் அவ்வழக்கில் நிபந்தனைக்கு எதிராகவே வாதிட்டனர். அநுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தமைக்காகச் சிறைசென்ற தம் கட்சிக்காரர்களின் நிறம் எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் அநுமதிப்பத்திரம் என்பதே வேண்டாததா? அலபாமா அம்முடிவுக்கே வந்தது. கிங்கிற்கு அநுமதி மறுத்த அம்மாநிலத்தில் 2023 ஜனவரி முதல் அநுமதிப்பத்திரமே தேவையில்லை. ஐம்பது மாநிலங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இன்று இவ்வழியிலேயே நிற்கின்றன. அநீதியாக மறுக்கப்பட்ட ஒன்றை எல்லோருக்கும் கேள்வியின்றித் திறந்துவிடுதல் அவ்வநீதிக்குப் பரிகாரமாகுமெனத் தோன்றலாம். ஆனால் அநுமதி கேட்பவன் ஒருவன், கொடுப்பவன் ஒருவன் என இருவர் மட்டுமே இதிற் சம்பந்தப்பட்டவர்கள் என்று கருதுவோரே அவ்வாறு எண்ணுவர். மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். கடையிலும் பஸ்ஸிலும் தேவாலயத்திலும் அத்துப்பாக்கியின் அருகே, அஃது இருப்பதை அறியாமல் நிற்பவன் அவன்.

பயணம் புறப்படுபவன் ஆயுதந் தரிக்கிறான், உறங்கச் செல்பவன் கதவைத் தாழிடுகிறான். இச்செயல்களால் அவன் சக மனிதரைக் குற்றஞ்சாட்டுகின்றான் அல்லவா என 1651இல் தோமஸ் ஹொப்ஸ் வினவினார். தாழிட்ட கதவு தன் குற்றச்சாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது. மறைத்த ஆயுதமோ முகமன் கூறிக்கொண்டே குற்றஞ்சாட்டுகின்றது. ஏட்டுக்கட்டினுள் கத்தியை ஒளித்து மெய்ப்பொருள் நாயனாரை அணுகிய முத்தநாதனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. 1813இல் கென்ரக்கியும் லூசியானாவும் மறைபடையைத் தடைசெய்தபோது, வெளிப்படையாக ஏந்துதல் ஆண்மை, மறைத்தல் கொலைஞர் வழக்கம் என்னும் எண்ணமே அங்கு மேலோங்கியிருந்தது. இன்றோ பிறரைக் கலவரப்படுத்தாமல் மறைத்துவைத்தலே நாகரிகமெனக் கருதப்படுகின்றது.

மறைபடை குற்றங்களைக் குறைக்கிறதா என்னும் வாதத்தால் இவ்வினா தீர்வதாகத் தெரியவில்லை. குறைக்கிறது என 1997இல் லொட் என்பாரும் அவருடைய சகாவும் எழுதினர். எப்பக்கமும் முடிவு கூறுதற்குச் சான்றுகள் போதா என 2004இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் கூறியது. அநுமதிப்பத்திரத்தின் நியாயம் வேறிடத்தில் உள்ளது. அறியாது அருகே நிற்கும் அந்த மூன்றாமவனின் சார்பில், அவன் கேட்க இயலாத கேள்வியை ஒருவர் கேட்டாகவேண்டும். ‘உனக்கு எவ்வளவு அச்சம்?’ என்பதன்று அக்கேள்வி. ஒருவனது அச்சத்தை அளக்கும் கோல் எந்த அலுவலகத்திலும் இல்லை. ‘உன்னைக் கண்டு மற்றவர் அஞ்சாதிருக்கலாமா?’ என்பதே அது. பயிற்சி, வன்முறைக் குற்றப் பதிவு, வீட்டில் உள்ளோரை அச்சுறுத்திய வரலாறு ஆகியவற்றை யாவரிடமும் ஒரே விதமாய்க் கேட்டு, விடை நேரானவிடத்து மறுக்கும் உரிமை அலுவலருக்கு இல்லையென வகுப்பின், மொன்ற்கொமரியில் நிகழ்ந்தது நிகழ இடமிராது, மூன்றாமவனும் கைவிடப்படான்.

இனிக் கிங்கின் செயலை மீண்டும் நோக்குதல் தகும். அநுமதி மறுக்கப்பட்டபின் அவர் ஆயுதத்தைத் துறந்ததை எட்டாத பழம் புளித்த கதையாகக் கொள்வாரும் உளர். உண்ண இல்லாதவன் உண்ணாதிருத்தல் நோன்பாகாது என்பது உண்மையே. ஆயினும் ஷெரிஃப் மறுத்தது வெளியே கொண்டுசெல்லுதலை மட்டுமே. வீட்டிலே ஒரு துப்பாக்கி இருந்தது. அன்பர்கள் ஆயுதங்களுடன் அவ்வீட்டைக் காத்து நின்றனர். பெப்ரவரியில் வந்த பயார்ட் ரஸ்டின் நாற்காலியொன்றிற் கிடந்த துப்பாக்கியைக் கண்டு, அகிம்சை இயக்கத்திற்கு இஃது இசையுமா என வினவினார். அதனைத் தடுக்க எச்சட்டமும் இல்லை. மனைவியோடு பல நாள் ஆராய்ந்து கிங் கைவிட்டது, அரசு தராத ஒன்றையன்று. தம் கையிலேயே இருந்த ஒன்றை. அதனை அவர் பிறர்க்கு விதியாக்கவும் இல்லை. தற்காப்புக்காக ஆயுதமேந்துதல் ஒருபோதும் கண்டிக்கப்பட்டதில்லை என்பதை 1959இல் தாமே எழுதி ஏற்றுக்கொண்டார். சட்டம் கேட்கக்கூடிய வினா ஒன்று, கேட்கமுடியாத வினா ஒன்று என இரண்டுள. பின்னதை அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்.

துப்பாக்கி போனபின் வீட்டைச் சுற்றிப் பெருவிளக்குகள் பொருத்தப்பட்டன; ஆயுதமற்ற காவலர் இரவும் பகலும் நியமிக்கப்பட்டனர்; நகரில் தனியே செல்வதில்லை எனவும் அவர் உடன்பட்டார். 1957 ஜனவரி இறுதியில் அதே விறாந்தையில் பன்னிரண்டு டைனமைற்றுக் குச்சிகள், திரி புகைந்தபடி, வெடிக்காத நிலையிற் கண்டெடுக்கப்பட்டன.