பிணியும் சான்றும்

2024ஆம் ஆண்டின் நடுவில், இந்தியக் குடிமைப் பணிக்குத் தேர்வு பெற்றுப் பயிற்சியில் இருந்த அதிகாரி ஒருவர், மாற்றுத்திறனாளிச் சான்றிதழைத் தவறான வழியில் பெற்றுப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, பல வாரங்கள் பத்திரிகைகளில் பேசப்பட்டு, தேர்வு விதிகளை மீறிய வேறு செயல்களும் வெளிப்பட்ட பின், ஜூலை இறுதியில் மத்தியத் தேர்வாணையம் அவருடைய தேர்வை ரத்துச் செய்தது. குற்றம் செய்தவர் யாராயினும் தண்டனை பெறட்டும். அதில் இருவேறு அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. மனத்தை வருத்துவது அதன்பின் நிகழ்ந்தது. ஒருவர்மேல் விழவேண்டிய சந்தேகம் ஒரு வகுப்பார் அனைவர்மேலும் விழுந்தது. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பவர், கண்ணாடி இல்லாமல் படிப்பவர், பார்வைக்குத் திடகாத்திரமாகத் தோன்றுபவர் ஆகியோர் கையிலுள்ள சான்றுகளெல்லாம் பொய்யாகவே இருக்கும் என்று நினைப்பது பலருக்கு எளிதாயிற்று. உயர்பதவியில் இருந்த வேறோர் அதிகாரியே, இத்தகைய பணிக்கு இவர்களுக்கு ஒதுக்கீடு எதற்கு என்று பகிரங்கமாக வினவினார்.

இவ்விடத்தில் ஒரு தர்மசங்கடம் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். நாட்பட்ட பிணியால் உழைக்க இயலாத ஒருவர் அரசின் உதவியை நாடி வருகையில், வாயிலை அகலத் திறந்தால் பொய்யர் நுழைவர். இறுக்கிச் சாத்தினால் மெய்யான நோயாளர் வெளியே நிற்பர். இவ்விரண்டு தீமைகளில் எதை ஏற்பது என்பதே கேள்வி. தகுதியில்லாத ஒருவர் பெற்றுவிடுவதால் கருவூலத்துக்கு ஏற்படும் நஷ்டத்தினும், தகுதியுள்ள ஒருவர் பெறாமல் திரும்பிப் போவதால் தர்மத்துக்கு ஏற்படும் நஷ்டம் மிகப் பெரிது என்பதும், ஆகவே ஐயம் எழும் இடத்தில் அதன் பயன் பிணியாளருக்கே சேரவேண்டும் என்பதும் நம்முடைய துணிபு.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, வீடுவீடாக இரந்து பெற்ற உணவைப் பகிர்ந்துகொள்ள யாரையெல்லாம் அழைக்கிறான் என்று பாருங்கள்: கண் காணாதவர், செவி கேளாதவர், கால் முடமானவர், பேணுவார் இல்லாதவர் என்று சொல்லிவருகையில், பிணியால் நடுங்குபவரையும் அதே வரிசையில் சேர்த்து அழைக்கிறான். உறுப்புக் குறைந்தவரையும் நோயுற்றவரையும் அக்காப்பியத்தை இயற்றிய சாத்தனார் தனித்தனிப் பந்தியில் உட்காரவைக்கவில்லை. அதே காப்பியத்தில் வரும் காயசண்டிகையோ, விருச்சிக முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுக் காலம் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயைச் சுமந்து புகார் வீதிகளில் திரிந்தவள். அங்கம் எதுவும் குறையாதவள். ஊனம் என்று விரலால் சுட்டிக்காட்ட எதுவும் அவளிடம் இல்லை. மணிமேகலை அவளிடம் சான்று கேட்கவில்லை, அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோற்றை இட்டாள், நோய் தீர்ந்தது. கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்தில், குழந்தைகளையும் முதியோரையும் பிணியாளரையும் ஆதரவற்றோரையும் காப்பது அரசனின் கடமை என்று விதிக்கிறார். வள்ளுவர் நாட்டுக்கு இலக்கணம் சொல்லப் புகுந்தபோது, மிகுந்த பசியும் பகையும் இல்லாதிருத்தலோடு, ஓயாத பிணி சேராதிருத்தலையும் ஓர் அங்கமாக வைத்தார். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. இத்தனை பிரமாணங்கள் இருக்க, நோயாளரைத் தாங்குவது ராஜாங்கத்தின் தயவைப் பொறுத்தது என்று பேசுவது இந்த மண்ணின் மரபுக்குப் பொருந்தாத பேச்சு.

பழைய நூல்களை விட்டு, நாம் நமக்கே வகுத்துக்கொண்ட அரசியல் சாசனத்தைத் திறந்தாலும் இதே நெறிதான் தென்படுகிறது. அதன் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு, தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது. நோயும் ஊனமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் அந்நெறி சட்டமாகவும், சட்டம் விதியாகவும், விதி படிவமாகவும் இறங்கி வருகையில், ஊனம் மட்டும் தங்கி, நோய் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அறிந்திருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக விரித்து, பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய நாட்பட்ட நோய்களுக்கும் இடம் தந்தது. இதற்காக அதை இயற்றியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் படுக்கையில் நான்கு மணி நேரம் கிடந்து எழுந்து, மறுநாளும் தலை நிமிர்த்த மாட்டாமல் சோர்ந்திருக்கும் மனிதர் அந்த 21 வகைகளில் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அவருடைய டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. அவர் வேலைக்குப் போகாத நாட்களின் அரிசிக்கும் வாடகைக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

வகையில் இடம் பெற்றவருக்கும் அடுத்த தடை விழுக்காடு. நாற்பது விழுக்காடு குறைபாடு இருந்தால்தான் சட்டத்தின் முக்கியமான சலுகைகள் பல கிடைக்கும். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள ஒருவர் உதவி பெற 80 விழுக்காடு வேண்டும். அதற்கு மத்திய அரசு தரும் பங்கு பெரும்பாலோருக்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாட்டில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ கடும் உடற்குறைபாடு உடையவர்களுக்கும், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு முதலிய சில நோய்கள் உடையவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது; மற்ற பல மாநிலங்களை நோக்க இது மேலானதே. ஆயினும் 39 விழுக்காட்டுக்கும் 40 விழுக்காட்டுக்கும் இடையில் ஒரு மனிதரின் வலியில் என்ன வித்தியாசம் இருக்கக்கூடும் என்று எந்த மருத்துவரும் சொல்லிவிட முடியாது.

சரவாங்கி என்று நாட்டார் சொல்லும் முடக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் பத்து ஆண்டு அமர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு அந்நோய் கண்டால், காலையில் எழும்போது விரல்கள் மடங்குவதில்லை. குழாயைத் திருக முடிவதில்லை. ஊக்கு மாட்ட இன்னொருவர் கை வேண்டும். பொழுது ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்த பின்தான் கை தன் வசம் வரும். சில வாரங்கள் நோய் தணிந்திருக்கும். திடீரென்று ஒரு நாள் மணிக்கட்டும் முழங்காலும் வீங்கி, படுக்கையில் கிடத்திவிடும். பீஸ் கணக்கில் கூலி தரும் இடத்தில், என்று வர முடியும், என்று வர முடியாது என்று சொல்ல இயலாத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்பெண் சான்றிதழுக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் புறப்படுகிறாள். பேருந்தில் நின்று வரவும், வரிசையில் காத்திருக்கவும் உடம்பு இடம் கொடுக்க வேண்டும் என்று விடியலிலேயே வலி மாத்திரையை விழுங்குகிறாள். மருத்துவர் முன் அமரும்போது மணி பதினொன்று. கையை மடக்கச் சொல்கிறார், மடங்குகிறது. எழுந்து நடக்கச் சொல்கிறார்; நடக்கிறாள். காகிதத்தில் விழும் எண் சிறியதாகத்தான் இருக்கும். அவ்விடத்துக்கு வருவதற்கு அவள் பட்ட சிரமமே அவளுக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகிறது. அவளுடைய விரல்கள் நிலையாகக் கோணி, மூட்டுகளின் அசைவு என்றென்றைக்குமாகக் குறைந்த பிறகு வந்தால் எண் ஏறும். மூட்டு கோணாமல் காப்பதற்கே மருத்துவம் செய்யப்படுகிறது. சான்று தருவதற்கோ மூட்டு கோணியிருக்க வேண்டியிருக்கிறது. இவ்விதமான ஓர் ஏற்பாட்டை நீதி என்று அழைக்க மனம் கூசவேண்டாமா?

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்தே கற்றறிந்த மருத்துவன் செயற்படவேண்டும் என்று மூன்று அளவைகளை வைத்தார். நம்முடைய மதிப்பீடு நடுவில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலையும் கடையையும் கைவிட்டுவிட்டது. தையற்காரியின் விரலுக்கும் பள்ளி ஆசிரியரின் விரலுக்கும் ஒரே எண்ணைப் போடுவது நோயுற்றவரின் அளவை மறப்பது; ஓராண்டு முழுதும் ஏறி இறங்கும் பிணியை ஒரு முற்பகலில் அளந்து முடிப்பது காலத்தை மறப்பது. அதியமான் நெடுமான் அஞ்சி, தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த வரலாறு புறநானூற்றில் இருக்கிறது. தினையளவு கொடுத்தாலும் அறிந்து கொடுக்க வேண்டும் என்பது அப்புலவரின் கொள்கை. காணாமல் கொடுப்பதே இழுக்கு என்றால், காணாமல் மறுப்பதை என்னென்பது?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுவது முறை. பொதுப்பணம் பலருடைய வியர்வை. அதைக் கண்மூடி வாரியிறைப்பது அறமாகாது. கொடுத்தல் எளிது, வருவோரின் வரிசை அறிதலே அரிது என்று கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு உரைத்ததும், ஓர்ந்து ஆராய்ந்து எவரிடத்தும் சாயாமல் நீதி செய்வதே செங்கோன்மை என்று வள்ளுவர் வகுத்ததும் நமக்கு உடன்பாடே. ஆனால் கபிலர் வரிசையறியச் சொன்னது தகுதியுள்ளவர் உரிய சிறப்பை இழக்காதிருப்பதற்காக. வாயிலைச் சாத்துவதற்கு அவர் வாக்கைத் துணையாகக் கொள்ள முடியாது. மேலும், ஏமாற்றிப் பெறுவோருக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்தையும் விதித்திருக்கிறது. பொய்யரைத் தண்டிக்கக் கருவி இருக்கையில், மெய்யரைத் துன்புறுத்தித்தான் பொய்யரைத் தடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது?

பொய் சொல்லும் ஆசை எங்கே பிறக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆட்சிப் பணி என்னும் பெரும் பதவிக்காகச் சிலர் பொய்ச்சான்று தேடக்கூடும். மாதம் 300 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் தன் உடம்பைப் பழுதென்று பொய்யாக எழுதிவாங்க எத்தனை பேர் வேலைநாளை இழந்து வரிசையில் நிற்பார்கள்? மேல்தளத்தில் நிகழ்ந்த குற்றத்துக்கு, அதன் நிழல்கூடப் படாத ஏழையின் வரிசையில் காவலைக் கூட்டுவது எந்த நீதிநூலிலும் இல்லாத தண்டனை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நாட்பட்ட நரம்புக் கோளாறுடைய தேர்வர் ஒருவர், நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை என்பதால் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டு வழக்காடியபோது, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்திவிடுவர் என்ற அச்சம், உரியவருக்கு அதை மறுக்கக் காரணமாகாது என்றும் கூறியது. 2024 அக்டோபரில், மருத்துவக் கல்வி பற்றிய வழக்கொன்றில் அதே நீதிமன்றம், விழுக்காட்டு எண்ணைக் கொண்டே ஒருவரை விலக்காமல், அவரால் என்ன செய்ய இயலும் என்பதை ஆராய வேண்டும் என்றது. வள்ளுவரின் மூன்று அளவைகளை நோக்கி நீதிமன்றம் நடக்கத் தொடங்கிவிட்டது. நிர்வாகமே பின்தங்கி நிற்கிறது.

நோயை நோயாகவே ஏற்று உதவுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பாருக்கு, தொழிலாளர் அரசுக் காப்பீடு கண்முன் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அத்திட்டத்தில் நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடும், வரையறுத்த 34 நீண்டகால நோய்களுக்கு, குறித்த காலம் சந்தா செலுத்தியிருந்தால், இரண்டாண்டு வரை 80 விழுக்காடும் கிடைக்கிறது. நோய் வந்துபோகும் தன்மையது என்பதை ஏற்றுக்கொண்டே அது பல்லாண்டாக நடந்துவருகிறது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியம் பெற்று, பதிவு பெற்ற நிறுவனங்களில் பணிபுரிவோரோடு அதன் எல்லை நின்றுவிடுகிறது. வயலில் நாற்று நடுபவளும், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்பவளும், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்களில் பலரும் அந்த எல்லைக்கு வெளியே ஜீவிக்கிறார்கள்.

செய்யவேண்டியதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். சிறுநீரகச் செயலிழப்பையும் முடக்குவாதத்தையும் சேர்க்க நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை, ஓர் அறிவிக்கை போதும். பொய்யரைப் பற்றிய அச்சத்துக்கும் பரிகாரம் அருகிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், வீட்டுக்கே சென்று மருந்து கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சை அளிக்கிறார்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகளைத் தருகிறார்கள். யார் எந்த மாதம் எழுந்து நடமாடினார், எந்த மாதம் படுத்துக் கிடந்தார் என்பது அவர்கள் கண்ணால் கண்ட விஷயம். ஒரு முற்பகல் பரிசோதனையை மட்டும் நம்பாமல், அவர்களும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் ஓராண்டு காலம் எழுதிவரும் குறிப்பையும் சாட்சியமாக ஏற்கும்படி மருத்துவக் குழுக்களுக்கு விதி செய்ய வேண்டும். அக்குறிப்பு கைக்கு வரும் வரை, விண்ணப்பித்தவருக்கு இடைக்கால உதவித்தொகையை நிறுத்திவைக்காமல் வழங்கவேண்டும்.