பிழையும் துயரும்

எம் பாட்டனார் புகைவண்டி ஓட்டுநராய்ப் பணியாற்றியவர். விழுப்புரம் - காட்பாடி மீட்டர் பாதையில் ‘ஒய்.பி.’ வகை நீராவி இஞ்சினைச் செலுத்தினார். யாம் சிறுவராயிருந்தபோது திண்ணையில் அமர்ந்து இஞ்சினைப் பற்றி அவர் கூறியவை பல. அவற்றுள் பிரேக்கைப் பற்றியதே ஈண்டு வேண்டுவது.

வண்டி நெடுகிலும் ஓடும் குழாயிலிருந்து காற்றின் பெரும்பகுதியை உறிஞ்சி வைத்திருப்பர். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பினால் வெளிக்காற்று உட்புகும். அவ்வழுத்தத்தால் பெட்டிதோறும் கட்டைகள் சக்கரங்களைப் பற்றும். கடைசிப் பெட்டியைக் காற்று எட்டச் சில நொடிகள் ஆகும். வேகம் 2 மடங்கானால் நிற்க வேண்டிய தொலைவோ ஏறத்தாழ 4 மடங்காகிவிடும். “கண் பார்த்துவிடும், கையும் செய்துவிடும், வண்டிதான் கேளாது” என்பார்.

போளூருக்கும் ஆரணி ரோடு நிலையத்திற்கும் இடையே ஒரு வளைவில், விறகுச் சுமையோடு மூதாட்டி ஒருவர் இருப்புப்பாதையைக் கடந்தார். பாட்டனார் ஊதலை இழுத்தார், பிரேக்கைப் போட்டார். வண்டி அம்மூதாட்டியைத் தாண்டித்தான் நின்றது. ஓட்டுநர்மீது பிழையில்லை என விசாரணை முடிந்தது.

அதன்பின் ஆண்டுதோறும் அந்நாளில் பாட்டனார் உண்பதில்லை. “அது அந்த அம்மாளின் வினை, நீங்கள் ஏன் வருந்தவேண்டும்?” என்று உறவினர் தேற்றுவர். சாந்தமே வடிவான அவர் சினந்து யாம் கண்டது அச்சொல்லுக்கு மட்டுமே. “என் வினையை நான் எண்ணிப் பார்க்கவே அச்சொல். பிறர் சாவுக்குக் கணக்கெழுதவா?” என்பார்.

விழிப்புடன் நடப்பவன் காலடியில் ஓருயிர் மாய்ந்தால் கொலைப்பழி அவனைச் சாராது என்பர் நம் அறநூலார். பாட்டனார் இதனை நன்கு அறிந்தவர். தம்மைக் கொலைஞர் என ஒருபோதும் கூறிக்கொண்டதில்லை. ஆயின், ‘எனக்குப் பழியில்லை’ என்பது ஒருவன் தன்னைக் குறித்துக் கூறுவது. இறந்தவரைக் குறித்து அதில் ஒன்றுமில்லை. பழி நீங்கினால் துயரும் நீங்கிவிட வேண்டும் என நாம் எதிர்பார்ப்பது ஏன்? துயரைத் தண்டனையாகவே எண்ணிப் பழகிவிட்டோம் போலும். வினைக் கொள்கையைப் பிறர் துன்பத்தினின்று முகந்திருப்பிக் கொள்ளும் திரையாக்குவது, அக்கொள்கைக்கு நாம் செய்யும் பெருந்தீங்கு என்றே யாம் கருதுகிறோம்.

இத்துணை வருந்தியவர் பணியை விட்டிருக்கலாமே என இளமைத் துடுக்கில் யாம் ஒருமுறை கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “விட்டிருந்தால், அந்த வளைவை அறியாத ஒருவரன்றோ அங்கே வந்திருப்பார்?” என்றார். வளைவுக்கு வெகுதொலைவிலேயே ஊதலை இழுக்கத் தொடங்குவாராம். உடன் பணிசெய்த பயர்மேன் ஒருவர் பின்னாளில் எமக்குச் சொன்னது இது.

அப்பாதை இன்று அகலப்பாதையாகிவிட்டது. அண்மையில் அவ்வழியே சென்றபோது சன்னலருகே அமர்ந்து பார்த்தே வந்தோம். அந்த வளைவு எதுவென எம்மால் அறியக்கூடவில்லை.