நாலு மா

2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அந்த வாரக் கடைசியில் தேக்காவில் அம்மா மூன்று பை சோனா மசூரி வாங்கினார். "எதுக்கும்மா மூணு?" என்றேன். "கெடைக்கிறப்ப வாங்கி வெக்கணும்டா." தெம்பனிஸ் வரைக்கும் எம்ஆர்டியில் சுமந்தது நான்தான்.

ஆகஸ்ட் முடிவதற்குள் சிங்கப்பூர், பூட்டான், மொரீஷியஸ் மூன்றுக்கும் விலக்கு கிடைத்தது. எங்களுக்கு 50,000 டன். நட்புறவு என்றார்கள். எனக்கும் நிம்மதிதான். இந்திய அரிசியைப் பெருமளவு வாங்கும் பெனின் அந்தப் பட்டியலில் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

1901க்குப் பிறகு இந்தியாவில் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட் அது. ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். மன்னார்குடிப் பக்கம் பெரியப்பாவின் குறுவை காய்ந்தது.

அங்கே அப்பாவின் பங்காக நாலு மா இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். அப்பா இப்போது இல்லை. கையெழுத்து நான் போட வேண்டும். மனைப் புரோக்கர் சொல்லும் விலையில் என் வீட்டுக்கான முன்பணம் தேறிவிடும். 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணற்றைத் தடுக்கும், மனைக்கல்லைத் தடுக்காது.

விற்கக்கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் தூங்கும் தெம்பனிஸே ஒரு காலத்தில் பண்ணையும் மணல் குவாரியுமாகக் கிடந்த இடம். ஜனம் பெருகியது, வீடு வேண்டியிருந்தது. இன்று இந்த நாட்டில் விவசாயத்துக்கு ஒரு விழுக்காடு நிலம். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2030க்குள் 30 விழுக்காடு உணவை இங்கேயே விளைவிப்போம் என்று 2019இல் அறிவித்த இலக்கை 2025 நவம்பரில் கைவிட்டு வேறு இலக்கு வைத்துக்கொண்டார்கள். இன்ஜினியராகச் சொல்கிறேன்: எல்இடி வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கலாம். சோற்றுக்கு யாரோ எங்கேயோ சேற்றில் நின்றுதான் ஆகணும்.

அந்த யாரோ பெரியப்பாவாகவே இருக்கட்டும் என்று நினைப்பதுதான் உறுத்துகிறது. அவர் நஷ்டப்பட்டுப் பயிர் வைத்தால் என் தட்டில் அரிசி மலிவு; நிலத்தைக் காத்த பெருமையும் எனக்கு. சரி, விற்றால்? விற்ற காசில் வாங்கிய வீட்டில் உட்கார்ந்து அடுத்த தடைச் செய்தியைப் படிப்பேன். அந்தத் தடவை எங்களுக்கு விலக்கு கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? கிடைத்தாலும், யார் தட்டிலிருந்து?

பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. அடுத்த போகத்துக்கு ஆள் கூலி யார் குடுக்குறது?"

பாதியை நான் தருகிறேன் என்றேன். எத்தனை வருஷத்துக்கு என்று அவர் கேட்கவில்லை.