எல்கடுவைக் குகைக்கு 150 பவுண்

ஜிப்போ நோலன் கிழித்தெறிந்த சுவரொட்டி காற்றில் திரும்பி வந்து அவன் காலிலேயே ஒட்டிக்கொள்கிறது. 1935இல் ஜோன் ஃபோர்ட் எடுத்த 'தி இன்ஃபோர்மர்' படத்தில் வரும் காட்சி இது. களம் 1922இன் டப்ளின். தேடப்படுபவன் நண்பன் ஃபிராங்கி. பிடித்துக் கொடுத்தால் இருபது பவுண். அமெரிக்காவுக்குக் கப்பலேற ஆளுக்குப் பத்துப் பவுண் என்பது பசியோடு அலையும் ஜிப்போவுக்குத் தெரியும். பொலிசிடம் போகிறான். ஃபிராங்கி சுடப்பட்டுச் சாகிறான். கூலியை அதிகாரி கையால் கொடுப்பதில்லை; தடி நுனியால் மேசைமீது தள்ளிவிடுகிறான்.

பாவம் யாருடையது? காட்டிக்கொடுத்தவனுடையதா, நட்புக்கு விலை எழுதி ஒட்டியவனுடையதா?

மாத்தளை மண்ணுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. நாய் வரி, துப்பாக்கி வரி, கடை வரி, போதாததற்கு வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை என்று தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி சுமத்தியவற்றை எதிர்த்து 1848 ஜூலையில் மக்கள் எழுந்தார்கள். தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள்; மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினார்கள். கிளர்ச்சி சில நாட்களில் நசுக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்கடுவைக் குகையொன்றில் ஒளிந்திருந்த பண்டா இருக்குமிடத்தைச் சொல்பவருக்கு 150 பவுண் என்று அரசு அறிவித்தது. செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் பிடிபட்டார்.

மலையில் ஒளிந்திருப்பவனுக்கு யாரோ சோறு கொண்டுபோக வேண்டும். விலை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து அந்தச் சோற்றுப் பொதியைக் கட்டும் கையை நம்ப முடியாது. கொண்டுபோகும் காலை நம்ப முடியாது. ஒருவருமே காட்டிக்கொடுக்காவிட்டாலும் அயலுக்குள் நஞ்சு கலந்தாகிவிட்டது. இந்தக் கேடு முழுக்க முழுக்க விலை வைத்தவனுடையது.

அதற்காக விலைபோனவனை விட்டுவிடலாமா? அதே ஓகஸ்ட் 26இல் குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். கிளர்ச்சியாளர் ஒருவரின் மறைவிடம் தெரிந்தும் சொல்லவில்லை என்பதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. சொன்னால் காசு, சொல்லாவிட்டால் தோட்டா. அத்தகைய நெருக்கடியிலும் வாயை மூடிக்கொள்ள மனிதரால் முடியும். ஆனாலும் எல்லோரும் அவரைப்போல் இருந்திருக்க வேண்டும் என்று பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆசைக்குச் சொன்னவனையும் அடிதாங்காமல் சொன்னவனையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம்.

இந்த நாட்டில் அந்தத் தராசு அடிக்கடி தப்பியிருக்கிறது. வடக்கு கிழக்கில் 'தலையாட்டி' என்றார்கள். 1987–89 காலத்தில் சிங்கள ஊர்களில் 'கோணி பில்லா'. முகத்தில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எதிரே வரிசையில் நிற்பவர்கள் நேற்றுவரை ஒன்றாகப் பந்தடித்தவர்களாகவும் இருக்கலாம். தலை ஒருமுறை ஆடினால் ஓர் ஆள் காணாமல் போவான். சாக்குக்குள் இருந்தவனை ஊர் இன்றும் சபிக்கிறது. அந்தச் சபிப்பில் நியாயம் உண்டு. ஆனால் அவனை அடித்து, சாக்கை மாட்டி, கூட்டிவந்து நிறுத்தியவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. எட்டப்பன் என்ற பெயரை வசைச்சொல்லாக்கிய நாம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மனின் பெயரை வசையாக்கவில்லை. நம்மில் ஒருவன் செய்தது கூடுதலாக வலிக்கும். வலி கூடுதல் என்பதால் குற்றமும் கூடுதல் ஆகிவிடாது.

படத்தின் முடிவில் குண்டடிபட்ட ஜிப்போ தள்ளாடியபடி தேவாலயத்துக்குள் வருகிறான். அங்கே பிரார்த்தித்துக் கொண்டிருந்த ஃபிராங்கியின் தாய் அவனை மன்னிக்கிறாள். தடியால் காசைத் தள்ளியவன் அந்த வாசலுக்கு வருவதேயில்லை.