பிறர் வயலில் வரும் வசந்தம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழர், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றனர். இளவேனிலுக்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். வடபுலத்தாரோ தை, மாசியில் வரும் வளர்பிறை ஐந்தாம் நாளிலேயே, குளிர் எலும்பை விட்டு அகலுமுன்னரே, மஞ்சளாடை உடுத்தி வசந்தத்தை வரவேற்றுவிடுகின்றனர். எவர் கணக்குச் சரி என்று தில்லித் தமிழர் இல்லங்களில் எழும் வழக்கிற்குத் தீர்ப்புரைக்க யான் வரவில்லை. சோனிப்பத்து, ரோத்தக் பக்கத்து வயல்களை ஒருமுறை கண்டவர்க்கு இரண்டுமே உண்மையெனப் படும்.

ஐப்பசியில் விதைத்த கடுகு பூத்தோய்ந்து காய் திரண்டிருக்கும். கோதுமை கதிர் ஈனும். இலையெல்லாம் உதிர்த்த இலவமரம் செம்பூக்களை மட்டும் தாங்கி நிற்க, மைனாக்கள் தேனுண்ண வந்து பூசலிடும். வேம்பும் அரசும் இங்கே பங்குனியை ஒட்டித்தான் இலையுதிர்க்கின்றன. உதிர்ப்பும் துளிர்ப்பும் ஏறத்தாழ ஒரே பொழுதில் நிகழ்வதை நம் ஊரில் நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. குளிர்காலமெல்லாம் வாய்மூடிக் கிடந்த குயில் கூவத் தொடங்கும். சுல்தான்பூர் ஏரியில் தங்கிய வரித்தலை வாத்துகள் இமயம் தாண்டிப் புறப்பட்டுவிடும். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திற்கு வருவனவும் அவ்வினமே.

இவற்றைக் கண்டு மகிழ்கிறோமே, அம்மகிழ்ச்சிக்கு நமக்கு உரிமை உண்டா? பூவைப் பார்ப்பவனிடம் யாரும் பட்டா கேட்பதில்லை என்பர். மெய்தான். ஆயினும் வெயில் சற்று முந்தி ஏறினால், நகரத்து நாம் ரஜாயை மடித்துப் பெட்டியில் வைத்து 'அப்பாடா' என்கிறோம். அதே வெயில், பால் பிடிக்கும் கோதுமையை அகாலத்தில் முதிரச் செய்து மணியைச் சுருக்கிவிடுகிறது. 1901 முதலான பதிவுகளில் 2022 மார்ச்சுதான் அதுவரை இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச். அவ்வாண்டு பஞ்சாபிலும் அரியானாவிலும் விளைச்சல் குன்றிற்று. மே மாதத்தில் நடுவண் அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் குளிர்கால மழையை, பேருந்து நிறுத்தத்தில் நனைந்தபடி நாம் சபிக்கிறோம். உழவனோ அதற்கு 'மாவட்' என்று பெயரிட்டு வழிமேல் விழி வைத்திருக்கிறான். அதுவே ஆலங்கட்டியாய் இறங்கினால் கதிர் தரையில் சாயும்.

தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்கு இது புதிதன்று. சம்பா முற்றி நிற்கும் தைத் திங்களில் மழை கொட்டினால் தெருவே வாயடைத்துப்போகும். அன்று மழையின் அழகை எவரும் வியந்ததில்லை. ஊர் பெயர்ந்த நமக்கு அந்த அறிவு எங்கே போயிற்று? நிலம் நமதன்று என்பதால் அதன் கவலையும் நமதன்று என விட்டுவிடலாமா? அதன் கோதுமையைத்தானே நாள்தோறும் உண்கிறோம். என் மகளுக்கோ மாசி என்றால் தேர்வு மாதம். வேறு பொருள் அதற்கில்லை. அவளைக் குறை சொல்லவும் இயலவில்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பால் கொண்டுவரும் பெரியவர் அரியானாக்காரர், நான்கு ஏக்கர் உடையவர். சென்ற மாசியில், 'வெயில் இதமாக இருக்கிறது' என்னும் வழக்கமான பேச்சை விடுத்து, 'கதிர் பால் பிடித்துவிட்டதா?' என்று கேட்டேன். பால் கேனைக் கீழே வைத்தார். மேல்காற்று வீசுகையில் நீர் பாய்ச்சினால் பயிர் சாய்ந்துவிடும், பாய்ச்சாவிடில் இந்த வெயிலுக்கு மணி சுருங்கும், என்ன செய்யலாம் பாபுஜி என்று என்னையே திருப்பிக் கேட்டார்.