வழி விடுபவனே வழிகாட்டி

ஆப்பிரிக்காவில், சாம்பசி ஆற்றின்மீது, கசுங்குலா எனுமிடத்தில் ஒரு பாலம்! 923 மீட்டர் நீளம். 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திறக்கப்பட்டது. நேராகச் சென்றிருக்க வேண்டிய அந்தப் பாலம் வில்லென வளைந்து கிடக்கிறது. ஆற்றின் வேகமா அதனை வளைத்தது? அல்ல, அரசியல் வளைத்தது! சிம்பாப்வே நாட்டு எல்லையைத் தொட்டுவிடலாகாது என்பதற்காகவே, போட்சுவானாவும் சாம்பியாவும் அதனை அவ்வாறு அமைத்தன.

அந்த எல்லைக் கோடுகளை வரைந்தவர் யார்? அம்மண்ணின் மைந்தர்களா? ஆப்பிரிக்காவைப் பங்கிட விதி வகுத்த 1884-85 பெர்லின் மாநாட்டில், ஆப்பிரிக்கர் ஒருவருக்கேனும் இருக்கை இல்லை! அந்நியன் கிழித்த கோடு. அவன் போன பின்னும் அண்ணனையும் தம்பியையும் பிரித்து நிற்கிறது.

கோட்டின் கொடுமையை லாரி ஓட்டுநரைக் கேட்டால் தெரியும். சாம்பியா - சிம்பாப்வே எல்லையிலுள்ள சிருண்டுவில், ஒரு கரையில் ஒரு நாட்டுச் சுங்கம். மறுகரையில் மற்றொரு நாட்டுச் சுங்கம். அதே தாள், அதே சரக்கு, அதே கேள்வி, இருமுறை! நாட்கணக்கில் காத்துக் கிடந்தன வண்டிகள். 2009 டிசம்பரில் அங்கே புதுமுறை வந்தது. புறப்படும் நாட்டில் நிற்க வேண்டியதில்லை. நுழையும் நாட்டில் ஒருமுறை நின்றால் போதும். இரு நாட்டு அலுவலரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். ஆப்பிரிக்காவின் முதல் ஒற்றை நிறுத்த எல்லைச்சாவடி அதுவே.

கடலே காணாத நாடு சாம்பியா. சுற்றிலும் எட்டு நாடுகள். "சாலையைச் செப்பனிடுக, சாவடியைச் சீராக்குக, வட்டாரத்துக்கே தலைமை தாங்கலாம்" என்கின்றனர் சிலர். பாதை போட்டவனெல்லாம் தலைவனா? வெள்ளையனுந்தான் இருப்புப் பாதை போட்டான்! செம்பு வெளியே சென்றது. சுரங்கத்தில் வெந்தவன் வாழ்வு உயர்ந்ததா? பாதை பொதுவாயிருக்கலாம்; பயன் பொதுவாயிருந்ததா? அதுவன்றோ கேள்வி!

1973ஐ எண்ணிப் பாருங்கள். விடுதலை வீரர்களுக்குச் சாம்பியா இடமளித்தது கண்டு வெகுண்ட ரொடீசிய வெள்ளையர் ஆட்சி, சனவரியில் எல்லையை அடைத்தது. அடுத்த மாதமே திறக்க முன்வந்தது. "திறந்தது நீ; நுழைய மாட்டேன் நான்" என்பதுபோல், கவுண்டாவின் சாம்பியா 1978 வரை தன் பக்கத்தை மூடியே வைத்தது. பொருள் முடங்கிற்று, மக்கள் துன்புற்றனர், கொள்கை முடங்கவில்லை! சீன உதவியுடன் 1970இல் தொடங்கி, 1975க்குள் தான்சானியத் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் இருப்புப் பாதை எழுந்தது. அன்று அந்நாட்டுக்குத் தலைமை தந்தது அகன்ற சாலையா? அண்டை நாட்டான் விடுதலைக்காகத் தன் வாசலையே அடைத்துக்கொண்ட நெஞ்சுரம்!

அப்படியாயின் சாலை வேண்டாமா? வேண்டும். ஆனால் கடன்பட்டுக் கட்டிய சாலை கழுத்தை நெரிப்பதும் உண்டு. 2012இல் 8,000 கிலோமீட்டர் சாலைத் திட்டம் கண்ட அதே சாம்பியா, சாலைக்கும் பிறவற்றுக்கும் வாங்கிய கடன் மலையெனக் குவிய, 2020 நவம்பரில் தவணை கட்ட இயலாது நின்றது. பெருமைக்குப் போட்ட பாதையா, பிழைப்புக்குப் போட்ட பாதையா என்று முன்கூட்டியே கேட்பது மக்களின் கடமை.

அளவுகோல் ஒன்றுண்டு. தலைச்சுமையுடன் எல்லை கடக்கும் காய்கறி வியாபாரிப் பெண், கையூட்டின்றி, காத்திருப்பின்றி, அச்சமின்றிக் கடக்கிறாளா? அண்டை நாட்டுப் பொருள் நம் சந்தைக்கு வருவதுபோல், நம் பொருளும் அங்கே செல்கிறதா? 'ஆம்' எனின், அது தலைமை. 'இல்லை' எனின், தார் பூசிய ஆதிக்கம்!

கசுங்குலாப் பாலம் வளைந்தது, குற்றமில்லை. மனிதன் வளையாமல் நடக்க அது வழி செய்யட்டும். வழியை மறிப்பவன் காவலன்; வழிக்கு விலை வைப்பவன் வணிகன்; வழி விடுபவனே வழிகாட்டி!