புள்ளோம்பல்

சைவாசிரியர்களே,

ஆன்மாக்கள் எண்ணிறந்தன. அவற்றின் கன்மத்துக்கீடாகத் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தருளுபவர் சிவபெருமான். எழுவகைப் பிறப்பினுள் நாம் ஒன்றில் நிற்கின்றோம். காலையில் நம் வேலியில் வந்திருக்குங் குருவி மற்றொன்றில் நிற்கின்றது. உடம்பு வேறாயினும் இரண்டும் ஆன்மாவே. இதனை வகுப்பிற் பலகாற் சொல்லியிருக்கின்றோம். சொல்லிய நாம் அக்குருவியை ஒருநாளாவது நின்று பார்த்ததுண்டா?

யாம் பார்த்ததில்லை. இளமையில் மிஷன் பாடசாலையிற் கற்றோம். றொபின், வானம்பாடி முதலிய சீமைப் பறவைகளை ஆங்கிலப் பாட்டுக்களாலும் படங்களாலும் நன்கறிந்தோம். எங்கள் வளவிற் பாடும் பறவையின் பெயரை எம்மிடம் ஒருவரும் வினாவவில்லை. யாமும் பிறரிடம் வினாவவில்லை.

பின்னர்ச் சைவ பாடசாலையொன்றில் ஆசிரியராயமர்ந்த புதிதில், பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்திலே கரிக்குருவிக்கு உபதேசித்த கதையைக் கற்பித்தோம். முற்பிறப்பிற் புண்ணியம் பல செய்தும், செய்த சிறு பாவத்தாற் கரிக்குருவியாய்ப் பிறந்த ஓருயிர், காகம் முதலியவற்றாற் கொத்துண்டு வருந்தியது. மதுரையின் மகிமையைக் கேட்டு அங்கே பறந்து சென்று, பொற்றாமரையிற் படிந்து சோமசுந்தரக் கடவுளை வழிபட்டது. பெருமான் மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, வலியான் என்னும் பெயரும் அளித்தருளினார்.

இதனை யாம் விரித்துரைக்கையில், ஒரு மாணாக்கன் புத்தகத்தைப் பாராது யன்னலூடே வெளியே நோக்கியிருந்தான். சினந்து பிரம்பால் அடித்தோம். அவன் அழுதுகொண்டே, “ஐயா, வேலியில் இருக்கிறது அதுதானோ?” என்றான். பார்த்தோம். உடல் முழுதுங் கரியதாய், வால் இரண்டாய்ப் பிளந்ததாய் ஒரு சிறுபுள், தன்னிற் பெரிய காகமொன்றைத் துரத்திவிட்டுத் திரும்பிவந்து கதியாலில் அமர்ந்தது. அதுவே வலியான். கற்பித்த யாம் கண்டிலேம்; அடிபட்டவன் கண்டான். அவ்வடி இன்றும் எம் நெஞ்சில் நோகின்றது.

அன்று தொடங்கி விடியலிற் சிறிதுபொழுது வளவில் இருந்து பார்த்து வருகின்றோம். சோறிட்டாற் காகமும் மைனாவும் வரும். புலுனிகள் கூட்டமாய் வந்து சருகைப் புரட்டிப் புழு தேடும். கொண்டைக்குருவிக்குப் பப்பாசிப்பழமும், தேன்சிட்டுக்கு வாழைப்பூவும் விருந்து. மாரிக்கு முன்னே இந்தியாவினின்று கடல்கடந்து வரும் ஆறுமணிக்குருவி, காலையினும் மாலையினுங் கூவி, மரநிழலிற் பூச்சி பொறுக்கும். கரிக்குருவியோ சோற்றை நாடாது. மண்வெட்டி நிலத்தைப் புரட்டுமிடத்தில் எழும் பூச்சிகளைப் பிடிக்க வரும். ஆதலின், புள்ளுக்கு உணவிடுதலென்பது சோறிடுதல் மாத்திரமன்று. வளவின் ஒருமூலையிற் சருகை எரியாது விடுதலும், மரத்தில் ஒரு பழத்தைப் பறியாது விடுதலும், ஆழமில்லாச் சட்டியில் நாடோறும் புதுநீர் வைத்தலும் உணவிடுதலேயாம்.

பறவையைப் பார்த்து மகிழ்தல் வீண்பொழுதுபோக்கன்றோவெனின், அன்று. கிளியைக் கூட்டில் அடைத்து, அதற்குத் திருநாமம் பயிற்றி மகிழ்வாரும் உளர். அம்மகிழ்ச்சியுள் “என்னுடையது” என்னும் மலம் கலந்திருக்கின்றது. தானே வந்து, உண்டு, நன்றி கூறாது பறந்துபோகும் புள்ளைக் கண்டு மகிழ்வார்க்கு அக்கலப்பில்லை. கொடுத்தோமென்னுஞ் செருக்குக்கும் அங்கே இடமில்லை. பழமும் புழுவும் நாம் படைத்தனவல்லவே. ஐவகை வேள்வியுள் ஒன்றாகிய பூதயாகத்தின் பயன் இதுவெனக் கொள்க. விரதநாளிற் காகத்தைக் கூவியழைத்துச் சோறிட்டு, மறுநாள் அதனையே கல்லெறிந்து துரத்துவோமாயின், அது வேள்வியாகுமோ?

ஆதலால், ஆசிரியர்களே, உங்கள் பாடசாலை மரநிழலில் ஒரு நீர்ச்சட்டி வையுங்கள். மாணாக்கர் முறைவைத்து அதனை நிரப்புக. கவண் வைத்திருக்குஞ் சிறுவனுக்குப் பிரம்பைக் காட்டாது, குஞ்சுக்கு இரையூட்டுந் தாய்ப்புள்ளைத் தூரநின்று காட்டுங்கள். வலியானின் கதையைக் கற்பிக்கும்போது வகுப்பை வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். பாடநேரத்தில் ஒருவன் வெளியே நோக்குவானாயின், சினவாது, அவன் நோக்குவது யாதென நீங்களும் ஒருமுறை நோக்குங்கள்.

எல்லாவுயிர்க்கும் இரங்குந் தன்மையைச் சிவபெருமான் நமக்கு அருளுவாராக.